கைத்தடிய தற்காப்புக்கு நம்பலாமா? நிஜமா தடி ஊனி நடக்கறவங்க, கம்பு பழகினவங்க சொல்லுங்க

தனிநடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. எனக்கு வயசு 57. வலது முழங்கால்ல ஜவ்வு கிழிஞ்சு ஆபரேஷன் ஆகி அஞ்சு மாசம் ஆகுது. இன்னும் கொஞ்ச நாள் தடி வச்சே நடங்கன்னு டாக்டர் சொன்னதால பட்டன் அமுக்கி உயரத்த கூட்டி குறைக்கற அலுமினியம் தடி ஒண்ணு வச்சிருக்கேன், அத ஊனிக்கிட்டு தினம் சாயங்காலம் முக்கால் மணி நேரம் நடப்பேன்.

போன வாரம் இருட்டுற நேரம். பின்னால பைக் சத்தம் கேட்டுச்சு, நான் ஓரமா தான் போய்ட்டு இருந்தேன், பின் சீட்டுல இருந்தவன் கைய நீட்டி தோள் பைய புடிச்சு இழுத்தான். பயத்துக்கு முன்னாடி எனக்கு கோவம் தான் வந்துச்சு, தடிய ஓங்கிட்டேன். ஓங்கின அந்த நொடி உடம்பு எடை மொத்தமும் வலது கால்ல இறங்கி, முழங்கால் மடங்கி, அப்படியே பக்கவாட்டுல விழுந்துட்டேன். தடி அவன் மேல படவே இல்ல. பை போச்சு, போனும் அதுல தான் இருந்துச்சு. முழங்கை சிராய்ப்பு, இடுப்புல ஒரு வாரம் வலி, எலும்பு எதுவும் உடையல.

வீட்டுக்கு வந்து தடிய திருப்பி பார்க்கறேன், அடியில இருக்கற ரப்பர் புஷ் ஒரு பக்கம் முழுக்க தேஞ்சு, வட்டம் வட்டமா இருந்த வரி எல்லாம் அழிஞ்சு வழவழன்னு இருக்கு, ஒரு ஓரத்துல அலுமினியத்தோட விளிம்பே வெளிய தெரியுது. இத்தன நாள் இத நம்பி தான் சாஞ்சு நடந்திருக்கேன்.

என் கேள்வி இது தான். நடக்கவும் உதவணும், யாராவது கிட்ட வந்தா தடுக்கவும் உதவணும், அப்படி ஒரு தடி உண்டா? உண்டுன்னா எத எப்படி பழகணும்? நடைய நிறுத்திடுங்கன்னு மட்டும் சொல்லாதீங்க, வீட்டுல எல்லாரும் அத சொல்லிட்டாங்க.

கம்புவீச்சு எழுதியது:

அக்கா, பெருசா எதுவும் ஆகாம தப்பிச்சீங்களே, அதுவே நிம்மதி. நான் பதினஞ்சு வருஷமா சிலம்பம் ஆடறேன், இப்ப பசங்களுக்கு சொல்லியும் குடுக்கறேன். உங்க கேள்விக்கு பதில், உண்டு. கைத்தடி சண்டைங்கறது தனி கலை. சிலம்பக் கம்பு நெத்தி உயரம் வரும், கைத்தடி இடுப்பு உயரம் தான், அதனால முழுக் கம்பு வீச்ச அப்படியே இதுல போட முடியாது, குறுந்தடி கணக்கு வேற. களரியில முச்சாண்னு மூணு சாண் தடிக்கு தனியா பாடமே இருக்கு. பிலிப்பைன்ஸ்ல எஸ்க்ரிமான்னு குறுந்தடி சண்டை, கொரியாவுல ஹாப்கிடோங்கற தற்காப்புக் கலையில கைத்தடிக்குன்னே ஒரு பகுதி, பிரான்ஸ்ல லா கான்னு கைத்தடி சண்டை.

பார்ட்டன் ரைட்னு ஒரு இங்கிலாந்து இஞ்சினியர், ஜப்பான்ல வேலை பார்த்துட்டு 1898ல லண்டன் திரும்பி பார்டிட்சுன்னு ஒரு முறைய ஆரம்பிச்சார். ஜுஜுட்சு, குத்துச்சண்டை, பிரெஞ்சு உதைச்சண்டை, கூடவே கைத்தடி. தடி பாகத்துக்கு வாத்தியார் பியர் விக்னின்னு ஒரு சுவிட்சர்லாந்துக்காரர். 1901ல ஒரு பத்திரிகையில போட்டோ போட்டு கைத்தடியால தற்காத்துக்கறது எப்படின்னு பார்ட்டன் ரைட் ரெண்டு பாகமா எழுதினார். அதே விக்னி முறைய வச்சு 1923ல லாங்னு இந்திய போலீஸ்ல இருந்த ஒரு அதிகாரி பாடப்புத்தகமே போட்டார்.

தடி விஷயத்துல என் அபிப்பிராயம், அந்த அலுமினியத்த மாத்துங்க. உயரம் மாத்த வரிசையா ஓட்ட போட்டிருக்கு பாருங்க, பலமா ஒரு அடி விழுந்தா அந்த ஓட்டையில தான் மடங்கும். மடக்குத் தடி அத விட மோசம். ஒரே மரத்துல செஞ்சது வாங்குங்க, ஆஷ், ஓக், ஹிக்கரி எதுவானாலும் சரி. வாங்கும்போது ரேகைய பாருங்க, மேலிருந்து கீழ வரைக்கும் நேரா ஓடணும், பாதியில பக்கவாட்டுல போய் முடியற மாதிரி இருந்தா தடி அந்த எடத்துல தான் பிளக்கும். பிடி திருகி மாட்டறதா இருந்தா அந்த மரை தான் வீக் பாயின்ட். வளைஞ்ச பிடி, அதே மரத்த ஆவியில வச்சு வளைச்சது, அதுல ஒட்டே கிடையாது. பிரம்பும் நல்லது, சிலாம்பு தெறிக்காது, ஆனா ரொம்ப மெலிசா இருந்தா நீங்க சாயும்போது வளையும்.

வாங்கினதும் முழங்கால் உயரத்துல ஒரு வீச்சு, மணிக்கட்டுல ஒரு வீச்சு, இந்த ரெண்ட மட்டும் தினம் நூறு தடவ போடுங்க.

பிசியோ_வாசகி எழுதியது:

தனிநடை அம்மா, நான் பிசியோதெரபிஸ்ட். கம்புவீச்சு அண்ணா மரத்த பத்தி சொன்னது எல்லாம் சரி. ஆனா அந்த கடைசி வரிய இப்போதைக்கு தயவுசெஞ்சு செய்யாதீங்க.

உங்களுக்கு வலது கால்ல பிரச்சனை, அப்ப தடி இடது கையில இருக்கணும், இருந்திருக்கும்னு நினைக்கறேன். அது தான் சரியான முறை, நோகற காலுக்கு எதிர்ப்பக்க கை, தடியும் நோகற காலும் ஒண்ணா முன்னாடி போகணும். அப்படி போகும்போது உடம்பு எடையில ஒரு பங்கு, அதிகபட்சம் கால்வாசி வரைக்கும், தடி வழியா தரைக்கு போயிடும். நீங்க ஓங்கினது அந்த பங்க தாங்கிட்டு இருந்த தடிய. காலுக்கு எந்த நோட்டீஸும் குடுக்காம திடீர்னு எடுத்துட்டீங்க, அதான் மடங்கிடுச்சு. உங்க தைரியத்துல குறை இல்ல, கணக்கு அப்படி.

இன்னொண்ணு, நீங்க வலது கை பழக்கம்னா தடி இருக்கறது பழகாத கையில. நூறு வீச்சு போட்டாலும் வேகம் வராது, தோள்பட்டை தான் புடிச்சுக்கும்.

தடி உயரத்த முதல்ல சரி பார்ப்போம். வழக்கமா போடற செருப்ப போட்டுக்கிட்டு நேரா நின்னு கைய தொங்க விடுங்க. மணிக்கட்டுல உள்பக்கம் மடிப்பு கோடு இருக்கும், தடியோட பிடி அந்த கோட்டுக்கு வரணும். புடிச்சு நிக்கும்போது முழங்கை கொஞ்சம் மடங்கி இருக்கணும், ஒரு 20 டிகிரி. சண்டைக்கு நீளமா இருந்தா நல்லதுன்னு யாராவது நாலு இஞ்ச் கூட்டி வாங்க சொன்னா கேக்காதீங்க, தோள் தூக்கி நடக்க ஆரம்பிச்சு கழுத்து வலி வந்து சேரும். மரத்தடிய ஒரு தடவ வெட்டினா ஒட்ட முடியாது, அதனால ரப்பர் புஷ்ஷ மாட்டிட்டு அளந்து அப்புறம் வெட்டுங்க.

அந்த தேஞ்ச புஷ் பத்தி படிச்சதும் எனக்கு பகீர்னு ஆச்சு. தடி வச்சிருக்கறவங்கள பார்த்தா நான் முதல்ல அத தான் திருப்பி பார்ப்பேன். உலக அளவுல விபத்துச் சாவுகள்ல சாலை விபத்துக்கு அடுத்த இடம் கீழ விழறதுக்கு தான்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. திருடனால வர்ற ஆபத்த விட ஈரத் தரையில வழுக்கற புஷ்ஷால வர்ற ஆபத்து உங்களுக்கு தினம் இருக்கு.

அமைதிவழி எழுதியது:

எனக்கு இந்த பேச்சே பிடிக்கல. போன் போனா இன்னொரு போன் வாங்கலாம். ரெண்டு பேர் பைக்ல வர்றாங்க, வயசு பசங்க, கையில என்ன வச்சிருக்காங்கன்னு தெரியாது, அவங்க முன்னாடி முழங்கால் ஆபரேஷன் ஆனவங்க தடிய தூக்கலாமா? பைய விட்டுடுங்க. என் சித்தப்பா ஒருத்தர் இப்படி தான் விடாம புடிச்சு இழுபட்டு தோள்மூட்டு நழுவி ஆறு மாசம் கை தூக்க முடியாம இருந்தார். தடிய வச்சு தைரியம் குடுக்கறேன்னு யாரும் அவங்கள ஆபத்துல தள்ளாதீங்க.

மூணாவதுகால் எழுதியது:

அமைதிவழி சொல்றதுல பாதி எனக்கும் சம்மதம், பாதிக்கு பதில் சொல்லணும்.

எனக்கு மூணு வயசுல போலியோ, இடது கால். 31 வருஷமா தடி ஊனறேன். பொருளுக்காக சண்டை போடக்கூடாது, சரி. பைக்ல இருந்து பைய இழுத்தா கைய விட்டுடணும், அதுவும் சரி. ஆனா பொருள் கேக்காம, நம்மள தான் குறி வச்சு வர்றவனும் இருக்கான். நொண்டி தானே என்ன பண்ணிடுவான்னு வர்றவன். ஓட முடியறவங்களுக்கு ஓடுன்னு சொல்லலாம், எனக்கு எத சொல்வீங்க?

எனக்கு நடந்தத சொல்றேன். ஒரு ரயில் நிலைய சுரங்கப்பாதை, ராத்திரி பத்தே கால், ரெண்டு பேர். ஒருத்தன் முன்னால வந்து வழிய மறிச்சு நிக்கறான், இன்னொருத்தன் பக்கத்துல சுத்தறான். முதல்ல போன கேட்டாங்க, குடுத்துட்டேன். அதுக்கப்புறமும் போகல, முன்னால இருந்தவன் தடிய காட்டி ஏதோ சொல்லி சிரிச்சான், கிட்ட வந்தான். நான் ரெண்டு அடி பின்னால போய் சுவத்துல சாஞ்சேன். முதுகு, இடுப்பு, தோள் மூணும் சுவத்துல பதிஞ்சுது, எடை நல்ல காலுக்கு போயிடுச்சு. அப்ப தான் தடி ஃப்ரீ ஆச்சு. ரெண்டு கையாலயும் புடிச்சேன், வலது கை பிடிகிட்ட, இடது கை நடுவுல, நுனி அவன் நெஞ்ச பார்த்து. ஓங்கவே இல்ல. கிட்ட வராதேன்னு அந்த சுரங்கப்பாதையே எதிரொலிக்கற மாதிரி கத்தினேன். அவன் இன்னொரு அடி வச்சான், நான் நேரா ஒரு குத்து, நெஞ்செலும்பு நடுவுல. ரப்பர் நுனி தான், ஈர துணிய அடிச்ச மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு, அவன் மூச்ச புடிச்சுக்கிட்டு குனிஞ்சு பின்னால போனான். சத்தத்துக்கு படிக்கட்டுல யாரோ இறங்கற செருப்பு சத்தம் கேட்டுச்சு, ரெண்டு பேரும் எதிர்ப்பக்கம் ஓடிட்டாங்க. அதுக்கு அப்புறம் கால் நடுங்கி பத்து நிமிஷம் அதே சுவத்துல சாஞ்சு நின்னேன், நகரவே முடியல.

அதனால கம்புவீச்சு தம்பி, வீச்ச பத்தி நான் உங்களோட ஒத்துப்போக மாட்டேன். வீச்சுக்கு இடுப்பு திரும்பணும், எடை ஒரு கால்ல இருந்து இன்னொரு காலுக்கு மாறணும். தடி ஊனி நடக்கறவனுக்கு மாத்திக்க இன்னொரு கால் இல்ல. குத்துக்கு அது தேவையில்ல, முழங்கைய நீட்டினா போதும், இடமும் கம்மி, சுரங்கப்பாதையில வீச எடம் ஏது. வீச்சு வர்றது எதிராளி கண்ணுக்கு தெரியும், குத்து தெரியாது. ரெண்டு கையால புடிக்கறதால எந்த கை பழக்கம்ங்கறதும் பெருசா பாதிக்காது.

சுவர் இல்லாத எடத்துல? மரம், மின் கம்பம், நிறுத்தின கார், கேட், எதுவானாலும் சரி. நான் தெருவுல நடக்கும்போது அடுத்து சாய எடம் எங்கன்னு கண்ணு தன்னால பார்த்துக்கிட்டே வரும்.

கம்புவீச்சு எழுதியது:

அண்ணே, படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். நான் சொன்னத திருத்திக்கறேன். நான் பழகினது ரெண்டு காலும் நல்லா இருக்கற ஆளுங்களோட. எங்க பாடத்துலயே காலடி வராம கம்பு வராதுன்னு தான் முதல் நாள் சொல்வோம், அத இவங்க நெலமைக்கு வச்சு நான் யோசிக்கல. இன்னைக்கு பிரான்ஸ்ல விளையாட்டா ஆடற லா கான்ல குத்தே கிடையாது, கைய பின்னால கொண்டு போய் வீசினா தான் அடி கணக்குல வரும், தடியும் 95 சென்டிமீட்டர் செஸ்ட்நட் மரம், 125ல இருந்து 140 கிராம் தான். விளையாட்டு விதி வேற, சுவத்துல சாஞ்சு நிக்கற மனுஷனோட தேவை வேற.

ஒரு விஷயம் சேர்க்கணும், தடிய அவன் புடிச்சுக்கிட்டா என்ன பண்றது? எல்லாரும் பண்ற தப்பு நேரா பின்னால இழுக்கறது. வயசு பையன் ஜெயிச்சுடுவான், நீங்க அவன் மேல போய் விழுவீங்க. புடிச்ச கையில கட்டை விரல் ஒரு பக்கம், நாலு விரல் ஒரு பக்கம். கட்டை விரலும் விரல் நுனியும் சந்திக்கற வாய் தான் பலவீனம். தடிய அந்த வாய் பக்கமா வட்டமா திருப்பினா கழண்டு வந்துடும். வீட்டுல யாரையாவது மெதுவா புடிக்க சொல்லி உக்காந்துக்கிட்டே பழகலாம்.

பிசியோ_வாசகி எழுதியது:

உக்காந்து பழகறது நல்ல யோசனை. ஆனா ஒரு சுத்து சுத்தியும் கழளலைன்னா தடிய விட்டுடுங்க, சுவத்த புடிச்சுக்கோங்க. அப்புறம் பிடியில மணிக்கட்டு கயிறு இருந்தா நடைக்கு போகும்போது கழட்டிடுங்க. படியேறும்போது கைப்பிடிய புடிக்க அந்த கயிறு வசதி தான், நானே சிலருக்கு மாட்ட சொல்லுவேன், ஆனா யாராவது தடிய இழுத்தா கயிறோட நீங்களும் போவீங்க.

இரும்புப்பூண் எழுதியது:

எல்லாரும் ரப்பர் ரப்பர்ங்கறீங்க. அடியில இரும்பு பூண் கூர்மையா போட்டு, பிடிக்குள்ள கத்தி ஒளிச்சு வச்ச தடி ஆன்லைன்ல பார்த்திருக்கேன். ஒரு தடவ காட்டினா போதுமே, எவன் கிட்ட வருவான்? நான் அப்படி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எனக்கு காலெல்லாம் நல்லா தான் இருக்கு, ராத்திரி வேலை முடிச்சு வரேன், பாதுகாப்புக்கு.

சட்டம்படிச்சவன் எழுதியது:

இரும்புப்பூண் நண்பரே, தயவுசெஞ்சு வாங்காதீங்க. நான் வக்கீல். நாட்டுக்கு நாடு சட்டம் வேற, உங்க ஊர் சட்டத்த நீங்க தனியா கேட்டுக்கணும், ஆனா அடிப்படை எங்கயும் ஏறக்குறைய ஒண்ணு தான்.

பிரிட்டன எடுத்துக்கோங்க. 1953ம் வருஷ குற்றத்தடுப்பு சட்டம் பொது இடத்துல ஆயுதம் வச்சிருக்கறத மூணா பிரிக்குது. காயப்படுத்தவே செஞ்ச பொருள், காயப்படுத்த மாத்தி அமைச்ச பொருள், சாதாரண பொருள் தான் ஆனா காயப்படுத்தற எண்ணத்தோட எடுத்துட்டு போறது. கத்தி ஒளிச்ச தடி முதல் வகை, அங்க அத விக்கறதுக்கே 1988ல தடை போட்டாச்சு. நீங்க கூர் பூண் அடிச்சா ரெண்டாவது வகை. மூணாவது தான் நிறைய பேருக்கு தெரியாதது, கால் நல்லா இருக்கற ஒருத்தர் போலீஸ் கேக்கும்போது இது என்னை அடிக்க வர்றவன அடிக்கன்னு சொன்னா அந்த வாய் வார்த்தையே ஒரு சாதாரண தடிய ஆயுதமா ஆக்கிடலாம். தனிநடை அம்மா கையில இருக்கற தடிக்கு அந்த சிக்கல் வராது, அது அவங்க நடக்கறதுக்கு வச்சிருக்கறது, அது உண்மையும் கூட.

இந்தியாவுல 2024 ஜூலை 1ல இருந்து பாரதிய நியாய சன்ஹிதா. தற்காப்பு உரிமை 34ல இருந்து 44 வரைக்கும் உள்ள பிரிவுகள், பழைய தண்டனைச் சட்டத்துல 96ல இருந்து 106 வரைக்கும் இருந்தது. இதுல 37ம் பிரிவ நல்லா படிங்க. தற்காப்புக்கு தேவையான அளவுக்கு மேல காயப்படுத்த உரிமை இல்ல. போலீஸ் மாதிரி பொது அதிகாரிங்க உதவிய நாட நேரம் இருந்தா அந்த உரிமையே இல்ல. ஓடறவன துரத்தி முதுகுல ஒரு அடி போட்டீங்கன்னா அது தற்காப்புல வராது. மூணாவதுகால் அண்ணன் செஞ்சதுல எனக்கு பிடிச்சது அது தான், போன குடுத்தார், பின்னால போனார், சத்தம் போட்டு எச்சரிச்சார், ஒரு குத்து, நிறுத்திட்டார். அந்த கத்தினது சாட்சிக்கும் உதவும், கேட்டவங்க இருப்பாங்க இல்ல.

பழங்கதை எழுதியது:

அளவுக்கு மேலன்னதும் ஞாபகம் வருது. அமெரிக்க வரலாற்றுல ரெண்டு கைத்தடி சம்பவம் இருக்கு, ரெண்டையும் சேர்த்து பார்க்கணும்.

1835 ஜனவரி 30, ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் நாடாளுமன்ற கட்டடத்துல ஒரு இறுதிச் சடங்கு முடிஞ்சு வெளிய வர்றார், வயசு 67, கையில தடி. ரிச்சர்ட் லாரன்ஸ்னு ஒருத்தன் கிட்டத்துல வந்து துப்பாக்கிய அழுத்தறான், வெடிக்கல. ரெண்டாவது துப்பாக்கிய எடுக்கறான், அதுவும் வெடிக்கல. ஜாக்சன் தடிய ஓங்கிட்டு அவன் மேலயே பாஞ்சுட்டார், சுத்தி இருந்தவங்க அவன அமுக்கினாங்க.

1856 மே 22, அதே கட்டடம், செனட் சபை. பிரெஸ்டன் புரூக்ஸ்னு பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருத்தர், அடிமை முறைய எதிர்த்து பேசின செனட்டர் சார்லஸ் சம்னர, அவர் மேசையில உக்காந்து எழுதிட்டு இருக்கும்போது தங்கப் பிடி போட்ட தடியால தலையிலயே அடிச்சார், தடி உடையற வரைக்கும் அடிச்சார். சம்னர் முழுசா சபைக்கு திரும்ப சுமார் மூணு வருஷம் ஆச்சு. அது வெறும் நடக்கற தடி தான், கத்தி எதுவும் ஒளிச்சு வைக்கல. தலையில அடிச்சா என்ன ஆகும்ங்கறதுக்கு இத விட வேற உதாரணம் வேண்டாம்.

கம்புவீச்சு எழுதியது:

ஆமா, நான் பசங்களுக்கு முதல்ல சொல்றதே தலைய தொடாதே, தொண்டைய தொடாதே. கை, முன்கை, முழங்கால் கீழ, நெஞ்சு, அவ்வளவு தான். இரும்புப்பூண் தம்பி, தடியெடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் ஆகிட முடியாது. காட்டினா பயந்து ஓடுவான்னு நம்பி நீங்க உருவின கத்தி அவன் கைக்கு போக ஒரு செகண்ட் போதும். அமெரிக்காவுல டூலர்னு ஒரு போலீஸ்காரர் 1983ல எழுதி வச்சார், 21 அடி தூரத்துல நிக்கற ஆள் ஓடி வந்து உங்க மேல விழ சுமார் ஒன்றரை செகண்ட் தான். நல்லா பழகினவங்களுக்கே உறையில இருந்து உருவ அந்த நேரம் தான் இருக்கு. கைத்தடிக்கு இருக்கற ஒரே பெரிய நன்மை அது ஏற்கனவே கையில இருக்கறது.

இரும்புப்பூண் எழுதியது:

புரிஞ்சுது அண்ணே. வாங்கல. வேலை முடிஞ்சு கூட வர்ற ரெண்டு பேரோட சேர்ந்து வர்ற மாதிரி நேரத்த மாத்த கேட்டிருக்கேன்.

மாலைக்காற்று எழுதியது:

யாரும் நாய பத்தி பேசலையே? நான் தடி எடுத்துட்டு போறதே அதுக்கு தான். மனுஷனால எனக்கு இதுவரைக்கும் பிரச்சனை வந்ததில்ல, நாய் ரெண்டு தடவ துரத்தியிருக்கு. தடிய ஓங்கினா இன்னும் மோசமா குரைக்குது, என்ன பண்றது?

மூணாவதுகால் எழுதியது:

ஓங்காதீங்க, ஓங்கறத நாய் சண்டைக்கு கூப்பிடறதா தான் எடுத்துக்கும். ஓடவும் கூடாது, கண்ணுக்குள்ள முறைச்சு பார்க்கவும் கூடாது. அப்படியே நின்னு பக்கவாட்டா திரும்பி, தடிய நமக்கும் அதுக்கும் நடுவுல தாழ்வா நீட்டி வைங்க, நுனி அதோட மூக்கு உயரத்துல. பாஞ்சு வந்தா முதல்ல வாய்க்கு கிடைக்கறது தடி தான், கடிச்சுக்கிட்டா விடுங்க, இழுக்காதீங்க. அப்புறம் மெதுவா பின்னால நகருங்க, முதுக காட்டாம. என் பழைய தடியோட புஷ்ல ரெண்டு பல் தடம் இன்னும் இருக்கு, அந்த ரெண்டு பல்லும் என் காலுக்கு வந்தது.

பிசியோ_வாசகி எழுதியது:

தடியையும் மீறி பல் பட்டுடுச்சுன்னா, சின்ன கீறல் தானேன்னு விடாதீங்க. உடனே சோப்பு போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க, கடிகாரம் பார்த்து, அப்புறம் நேரா தடுப்பூசிக்கு போங்க. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா ஏறக்குறைய யாரையும் காப்பாத்த முடியாது. மனுஷங்களுக்கு வர்ற ரேபிஸ்ல 99 சதவீதம் வரைக்கும் நாயால தான்.

அமைதிவழி எழுதியது:

மூணாவதுகால் சார், நீங்க கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல, ஓட முடியாதவங்கள நினைக்காம எழுதிட்டேன், மன்னிச்சுக்கோங்க. ஆனா தனிநடை அம்மாவுக்கு ஒண்ணு சொல்லணும். வண்டி எதிர்ல வர்ற பக்கமா நடங்க, அப்ப பின்னால இருந்து யாரும் ஒட்டி வர முடியாது. பைய ரோட்டுக்கு எதிர்ப்பக்க தோள்ல போடுங்க, குறுக்கா மாட்டிக்காதீங்க, இழுத்தா கழண்டு போகட்டும். என் சித்தப்பா குறுக்கா மாட்டியிருந்தார்.

தனிநடை எழுதியது:

ரெண்டு மாசம் கழிச்சு எழுதறேன். எல்லாருக்கும் நன்றி, இந்த இழைய ஒரு பத்து தடவயாவது திரும்ப படிச்சிருப்பேன்.

ஆஷ் மரத்துல வளைஞ்ச பிடி போட்ட தடி வாங்கினேன். ரேகைய வெளிச்சத்துல திருப்பி திருப்பி பார்த்து மூணாவது தடி தான் மனசுக்கு சரின்னு பட்டுச்சு. செருப்பு போட்டு மணிக்கட்டு கோட்டுக்கு அளந்து வெட்டியாச்சு, புது புஷ், கயிறு கிடையாது.

டாக்டர்கிட்ட கேட்டேன். சுவத்துல சாஞ்சு செய்யறதா இருந்தா செய்யுங்கன்னு சொன்னார். முதல் வாரம் சாயறது மட்டும், தடிய தூக்கவே இல்ல. பின்னால ரெண்டு அடி வச்சு சுவத்த தேடி முதுக பதிக்கணும், அது கேக்க சுலபமா இருக்கு, எனக்கு நோகற கால் முதல்ல பின்னால போகுது, அத மாத்த நாலு நாள் ஆச்சு. ரெண்டாவது வாரம் ரெண்டு கையால புடிச்சு தூக்கி ரெண்டு செகண்ட் வச்சிருந்து இறக்கறது. அப்புறம் தான் குத்து, ஒரு தலையணைய கதவுல கட்டி தொங்கவிட்டு தினம் இருபது. முதல் நாள் நுனி தலையணைய விட்டு கதவ குத்துச்சு. இப்ப பத்துக்கு எட்டு நடுவுல விழுது.

கத்தறது தான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. கூச்சம். வீட்டுல யாரும் இல்லாத நேரம் பார்த்து கிட்ட வராதேன்னு கத்தி பார்த்தேன், முதல்ல குரலே வரல, தொண்டைக்குள்ளயே நின்னுடுச்சு. இப்ப பக்கத்து வீட்டுல கேக்கற அளவுக்கு வருது, அவங்ககிட்ட விஷயத்த முன்னாடியே சொல்லி வச்சிருக்கேன்.

போன செவ்வாய்க்கிழமை அதே ரோடு, அதே இருட்டுற நேரம். எதிர்ல ஒரு பைக் வந்து என்கிட்ட ஸ்லோ ஆச்சு, ரெண்டு பேர். யோசிக்கறதுக்கு முன்னாடியே ஒரு காம்பவுண்டு சுவத்துல முதுகு பதிஞ்சிருந்துச்சு, தடி ரெண்டு கையிலயும் குறுக்கா இருந்துச்சு, கால் நடுங்கல. பின்னால இருந்த பையன் ஹெல்மெட்ட கழட்டி ஒரு அட்ரஸ் கேட்டான். சொன்னேன். தேங்க்ஸ் ஆன்ட்டின்னு போய்ட்டாங்க. அந்த பையன பயமுறுத்திட்டேனோன்னு கொஞ்சம் வருத்தமா இருந்துச்சு, ஆனா மீதி தூரத்த முழுசா நடந்துட்டு தான் வீட்டுக்கு வந்தேன்.

மூணாவதுகால் எழுதியது:

கால் நடுங்கலன்னு எழுதினீங்களே, அத படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு அக்கா. தலையணைய கொஞ்ச நாள் கழிச்சு நெஞ்சு உயரத்துல இருந்து இடுப்பு உயரத்துக்கு இறக்கி கட்டுங்க, குனிஞ்சு வர்றவனுக்கு அது தான் கணக்கு.

பிசியோ_வாசகி எழுதியது:

ரொம்ப சந்தோஷம் அம்மா. தினம் இருபது குத்து, முக்கால் மணி நேர நடை, ரெண்டு மாசம். இப்ப போய் தடிய தலைகீழா திருப்பி புஷ்ஷ பார்த்துட்டு வந்து சொல்லுங்க.

தனிநடை எழுதியது:

பார்த்துட்டேன். ரெண்டு வரி அழிஞ்சிருக்கு, வலது ஓரத்துல. நாளைக்கே மாத்திடறேன்.